சிற்றரங்கும் சம ஆசனமும்

பாட்டைக் கேட்பதற்கு மனிதர் அமைத்துக்கொண்ட இடங்கள் பலவகைப்படும். கோயில் மண்டபமும், திருவிழா வெளியும், ஆயிரம் பேர் அமரும் பெருங்கூடமும் ஒருவகை. ஓரிருநூறு பேர் நெருங்கி அமர்ந்து, இராப்போசனம் அருந்திக்கொண்டே, பாடுவோரை மிக அண்மையிற் கண்டு கேட்கும் சிற்றரங்கு மற்றொரு வகை. மேலைநாட்டு நகரங்களில் இவ்விரண்டாம் வகை அரங்கு 'கபரே' என்னும் பெயரால் வழங்கும். பிரெஞ்சு மொழியில் அச்சொல்லுக்கு மதுச்சாலை என்பதே பழைய பொருள். 1881ஆம் ஆண்டிலே பரிஸ் மாநகரின் மொன்மார்த்ர் மேட்டில் ரொடோல்ஃப் சலிஸ் என்பவர் 'கறுப்புப் பூனை' என்ற பெயரில் ஒரு கூடத்தைத் திறந்தார். புலவரும் ஓவியரும் இசைவாணரும் அங்கு வந்து தத்தம் புதுப்படைப்புகளை வந்தோர் முன்னிலையில் அரங்கேற்றினர். குடிக்க வந்தவர் கேட்க இருந்தார். கேட்க இருந்தவர் சிந்திக்கலானார். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இவ்வழக்கம் பேர்லினுக்கும் பிற ஐரோப்பிய நகரங்களுக்கும் பரவி, அரசியலையும் ஆள்வோரையும் எள்ளி நகையாடும் கலையாக வளர்ந்தது.

இத்தகைய சிற்றரங்குகளுள் ஒன்றைப் பற்றியதே இப்பேச்சு. அமெரிக்காவின் நியூயோர்க் நகரிலே, கிறினிச் வில்லேஜ் என்னும் பகுதியில், ஷெரிடன் சதுக்கத்தில் ஒரு கட்டடத்தின் நிலவறையில் 1938ஆம் ஆண்டு டிசெம்பர் மாதம் அது திறக்கப்பட்டது. 'கபே சொசைற்றி' என்பது அதன் பெயர். அது நிலைத்தது ஏறத்தாழப் பத்து ஆண்டுகளே. எனினும் அப்பத்து ஆண்டுகளுள் அங்கே முளைத்த கலைஞரும், அங்கே கடைப்பிடிக்கப்பட்ட ஒழுங்கும், அங்கே முதன்முதலாக ஊரறிய ஒலித்த ஒரு பாட்டும் அமெரிக்க இசை வரலாற்றில் நீங்காத இடம் பெற்றுவிட்டன.

அவ்வரங்கைத் தொடங்கியவர் பேர்ணி ஜோசப்சன். 1902இற் பிறந்த இவர், லற்வியா நாட்டிலிருந்து குடியேறிய யூதக் குடும்பத்தின் மைந்தர். சப்பாத்து வியாபாரத்தில் ஈடுபட்டிருந்தவர். பாடகருமல்லர், நாடகக்காரருமல்லர். வியாபாரத்தின் நிமித்தம் ஐரோப்பா சென்ற காலத்தில் அங்குள்ள அரசியல் கபரேக்களைக் கண்டார். நியூயோர்க்கில் ஜாஸ் இசை கேட்கும் ஆசையால் இரவு விடுதிகளுக்குச் சென்று வந்தார். அங்கே அவர் கண்ட காட்சியொன்று அவர் மனத்தை உறுத்தியது.

அக்காலத்து நியூயோர்க்கின் புகழ்பெற்ற விடுதி 'கொட்டன் கிளப்' என்பது. அது கறுப்பின மக்கள் செறிந்து வாழ்ந்த ஹாலெம் பகுதியில் நெடுங்காலம் இயங்கியது. டியூக் எலிங்டன் என்னும் இசைமேதை 1927 முதல் தம் வாத்தியக் குழுவுடன் அங்கே வாசித்தார். மேடையில் நின்றவரெல்லாம் கறுப்பினத்தவர். மேசையில் அமர்ந்தவரோ வெள்ளையர். பாடுகிறவரின் தாயும் தந்தையும் உடன்பிறந்தாரும் தம் வீட்டுக்கு அண்மையிலேயே இருந்த அவ்விடுதியில் விருந்தினராக அமர்ந்து கேட்க வழியில்லை. தென்மாநிலங்களில் சட்டமாக இருந்த நிறப்பிரிவு, வடபகுதி நகரங்களில் வழக்கமாக இருந்தது. பாட்டு வேண்டும், பாடியவர் பக்கத்து ஆசனத்தில் வேண்டாம் என்பதே அவ்வழக்கத்தின் உட்பொருள்.

இவ்வழக்கத்தைத் தம் அரங்கின் வாயிலிலேயே நிறுத்திவிடத் துணிந்தார் ஜோசப்சன். கடனாகப் பெற்ற 6,000 டொலரே அவருடைய முதல். அப்பணத்தைக் கொண்டு நிலவறையைச் செப்பஞ் செய்தார். சுவர்களில் நகைச்சுவை ஓவியங்களைத் தீட்டுமாறு கிறினிச் வில்லேஜிலே தொழில் புரிந்த ஓவியரை வேண்டினார். 'கபே சொசைற்றி' என்பது இரவெல்லாம் விடுதிகளிற் களித்துத் திரியும் செல்வக் கூட்டத்தாருக்குப் பத்திரிகைகள் இட்ட பெயர். அப்பெயரையே ஏளனமாகத் தம் அரங்குக்குச் சூட்டினார். வாயிற்காவலருக்குப் பளபளக்கும் சீருடைக்குப் பதிலாகக் கந்தலாடை உடுத்தினார். தகுந்த மனிதருக்குத் தகாத இடம் என்னும் கருத்தமைந்த வாசகத்தை விளம்பரத்திற் பொறித்தார். இவையெல்லாம் வேடிக்கை. வேடிக்கைக்குள்ளே இருந்த உறுதி ஒன்றே: கறுப்பினத்தவரும் வெள்ளையரும் மேடையிலும் ஒன்றாக நிற்பர், மேசையிலும் ஒன்றாக அமர்வர். சம ஆசனம், சம போசனம் என்று நம்மவரிடையே வழங்கும் இரு சொற்களும் அந்த நிலவறையில் இரவுதோறும் நடைமுறையாயின. கறுப்பின விருந்தினரை மூலையிலே தள்ளாது, அரங்கின் முன்வரிசையிலும் அமர்த்தினர். அயலில் அவர்கள் அமர்வதைப் பொறாத வெள்ளையர் சிலர் எழுந்து செல்ல நேர்ந்ததும் உண்டு. அவர்களைத் தடுத்து நிறுத்த எவரும் முயலவில்லை.

அரங்கு திறந்தபோது கலைஞரைத் தேர்ந்தெடுக்க உதவியவர் ஜோன் ஹமண்ட் என்பவர். செல்வக்குடியிற் பிறந்து, கறுப்பினத்தாரின் இசையை உலகறியச் செய்வதையே வாழ்நாட் பணியாகக் கொண்டவர். அதே டிசெம்பரில் நியூயோர்க்கின் கார்னெகி மண்டபத்தில் அவர் ஒழுங்கு செய்த பெரும் இசைநிகழ்ச்சி ஒன்று நடைபெற்றது. அதிலே பியானோ வாசித்த அல்பேட் அமன்ஸ், மீட் லக்ஸ் லூயிஸ், பீற் ஜோன்சன் ஆகிய மூவரும், ஜோ ரேணர் என்னும் பாடகரும் இந்தச் சிற்றரங்குக்கும் வந்து சேர்ந்தனர். அவர்களோடு வந்த இன்னொருவர் இருபத்துமூன்று வயதுப் பெண். பெயர் பில்லி ஹொலிடே.

சிற்றரங்கிலே பாடுவது பெருங்கூடத்திற் பாடுவதிலும் எளிது என்று எண்ணுதல் தவறு. பெருங்கூடத்தில் இருள் ஒரு திரை; தொலைவு ஒரு திரை. பாடுகிறவர் கண்ணுக்கு முகங்கள் தெரியா. சிற்றரங்கிலோ முன்மேசையில் இருப்பவர் கொட்டாவி விட்டாலும் தெரியும், கண்கலங்கினாலும் தெரியும். தட்டும் கரண்டியும் ஒலிக்கும். பரிமாறுவோர் குறுக்கும் நெடுக்கும் நடப்பர். மது அருந்தியவர் உரக்கப் பேசுவர். இவற்றின் நடுவே ஒரு பியானோவையும் ஒலிவாங்கியையும் துணைக்கொண்டு, கூச்சலிடாமல், கேட்போரைத் தம்மிடம் திருப்புதல் வேண்டும். ஒலிவாங்கி வந்த பின்னரே இத்தகைய மென்குரற் பாட்டு தழைத்தது. உரையாடுவது போலத் தாழ்ந்த குரலிற் பாடி, ஒவ்வொரு சொல்லின் பொருளையும் கேட்போர் செவியில் இடுவதே இக்கலையின் உயிர். பில்லி ஹொலிடேக்கு இது கைவந்த கலை. அவர் தாளத்துக்குச் சற்றுப் பின்தங்கி நடப்பார். ஆனால் தாளத்தைத் தவறவிடமாட்டார். சாதாரணக் காதற்பாட்டும் அவர் வாயிலே வாழ்ந்து கண்டவர் சொல்லும் செய்தியாகிவிடும்.

அந்நாள்வரை அவர் அடைந்த அவமதிப்புகள் சிறியனவல்ல. 1938இல் ஆட்டி ஷோ என்னும் வெள்ளைக்காரரின் வாத்தியக் குழுவிலே பாடகியாக இருந்தார். அக்குழு வாசித்த நியூயோர்க் விடுதியொன்றில், விருந்தினர் செல்லும் மின்தூக்கியில் ஏறவேண்டாம், சரக்கேற்றும் மின்தூக்கியிலே செல்க என்று அவருக்குக் கூறப்பட்டது. மேடைக்கு வேண்டிய குரலுக்கு வாயில்வழி இல்லை. இதனைப் பொறாது அக்குழுவினின்று விலகிய பின்னரே அவர் ஷெரிடன் சதுக்கத்து நிலவறைக்கு வந்தார். ஏறத்தாழ ஒன்பது மாதம் அங்கே பாடினார். அந்த ஒன்பது மாதத்துள் 1939ஆம் ஆண்டில் ஒரு புதுப்பாட்டு அவரிடம் வந்து சேர்ந்தது.

அப்பாட்டை இயற்றியவர் ஏபெல் மீரோபொல். லூயிஸ் அலன் என்பது அவரது புனைபெயர். அவர் நியூயோர்க் நகரின் புறொங்ஸ் பகுதியில் உயர்பாடசாலை ஒன்றில் ஆங்கிலம் கற்பித்த ஆசிரியர். தென்மாநிலங்களிலே கறுப்பினத்தவரை நீதிமன்றமும் விசாரணையுமின்றிக் கூட்டமாகச் சூழ்ந்து கொன்று மரத்திலே தொங்கவிடும் கொடுமை அக்காலத்தில் நிலவியது. 1882 முதல் 1968 வரை இவ்வாறு கொல்லப்பட்டோர் தொகை 4,743 என்றும், அவருள் 3,446 பேர் கறுப்பினத்தவர் என்றும் டஸ்கீகி கல்விநிலையத்தின் பதிவுகள் கூறும். இத்தகைய கொலைக் காட்சியொன்றின் நிழற்படத்தைக் கண்டு உறக்கமிழந்த அவ்வாசிரியர் சில வரிகளில் ஒரு கவிதை எழுதினார். அது 1937இல் ஆசிரியர் சங்கச் சஞ்சிகையில் வெளியாயிற்று. பின்னர் அவரே அதற்கு இசையும் அமைத்தார். 'விந்தைக் கனி' என்று அதன் தலைப்பை மொழிபெயர்க்கலாம். மரத்திலே தொங்கும் கனி எது என்பதை விளக்கவேண்டுவதில்லை.

உணவருந்த வந்தோர் முன்னிலையில் இப்பாட்டைப் பாடுதல் தகுமா? களிப்பை நாடி வந்தவர் காசு கொடுத்துத் துயரத்தைக் கேட்பரா? இவ்வினாக்கள் எழாமலிருக்கவில்லை. ஜோசப்சன் இதற்கு ஓர் ஒழுங்கை வகுத்தார். அப்பாட்டு நிகழ்ச்சியின் இறுதியிலேயே வரும். அது தொடங்குமுன் பரிமாறுதல் அடியோடு நிற்கும். மேசைகளுக்கு எதுவும் வாரா, பணமும் வாங்கப்படமாட்டாது. விளக்குகள் யாவும் அணைக்கப்பட்டு, பாடுகிறவர் முகத்தின்மீது மட்டும் ஓரொளி விழும். பாட்டு முடிந்ததும் அவ்வொளியும் அணையும். மீண்டும் விளக்கெரியும்போது மேடை வெறுமையாயிருக்கும். எவ்வளவு கைதட்டினாலும் பாடகி மீண்டு வாரார், மறுபாட்டு இல்லை. வியாபாரத் தலத்தில் வியாபாரத்தை நிறுத்திவைத்துக் கேட்கச் செய்த அந்தச் சில நிமிடங்களே அவ்வரங்கின் உச்சம் எனலாம்.

முதல்நாள் அதைப் பாடி முடித்தபோது கூடத்தில் ஓசையே எழவில்லை என்றும், நெடுநேரங் கழித்து ஒருவர் தயங்கித் தயங்கிக் கைதட்ட, அதன் பின்னரே எல்லோரும் தட்டினர் என்றும் பில்லி ஹொலிடேயின் தன்வரலாறு கூறுகிறது. அவருடைய பாட்டுகளை வழக்கமாகப் பதிவுசெய்த பெரிய இசைத்தட்டு நிறுவனம் இதனைப் பதிவுசெய்ய முன்வரவில்லை. கொமடோர் என்ற சிறு நிறுவனம் 1939 ஏப்பிரில் 20ஆம் திகதி பதிவுசெய்தது. வானொலி நிலையங்கள் பல அத்தட்டை ஒலிபரப்ப மறுத்தன. எனினும் தட்டு விற்றது, பாட்டு பரவியது. அறுபது ஆண்டுகள் கழித்து, 1999இல், அமெரிக்காவின் 'ரைம்' சஞ்சிகை அதனையே நூற்றாண்டின் சிறந்த பாட்டாகத் தெரிந்தெடுத்தது. அதனை எழுதிய ஆசிரியரையோ, பாடசாலைகளில் பொதுவுடைமையினரைத் தேடிய விசாரணைக்குழு அழைத்து, இப்பாட்டை எழுதுவதற்கு எந்தக் கட்சி பணந் தந்தது என்று வினவியது. மாணவர் கட்டுரையைத் திருத்தும் கையே இதனையும் எழுதியது என்பதை அவர்களால் நம்ப முடியவில்லைபோலும்.

ஒரு பாட்டினாலும் ஒரு பாடகியினாலும் மட்டும் அவ்வரங்கு சிறப்புற்றது என்று கருதலாகாது. வளர்ந்துவரும் கலைஞருக்கு அது ஒரு பயிற்சிக்கூடமாயிருந்தது. ஓரிரவு மேடையேற்றி மறுநாள் மறந்துவிடும் வழக்கம் அங்கில்லை. வாரக்கணக்கில், மாதக்கணக்கில் ஒருவரை நிறுத்தி, இரவுதோறும் பாடச் செய்து, அவர் பக்குவப்படும்வரை காத்திருப்பது அவ்வரங்கின் முறை. இளங்கலைஞருக்குக் கைதட்டலிலும் மேலான உதவி இந்தக் கால அவகாசமே.

ஹேஸல் ஸ்கொட் என்பவரை எடுத்துக்கொள்வோம். திரினிடாட் தீவின் போட் ஒவ் ஸ்பெயின் நகரில் 1920இற் பிறந்து, குழந்தைப் பருவத்திலேயே நியூயோர்க்குக்கு வந்தவர். 1939இல், பத்தொன்பது வயதில், கபே சொசைற்றியில் பியானோ வாசிக்கத் தொடங்கினார். ஐரோப்பியச் செவ்விசையை முதலிற் பிழையற வாசித்து, பின்னர் அதே உருப்படியை ஜாஸ் நடையில் துள்ளச்செய்வது அவர் தனித்திறன். 1940இல் நகரின் கிழக்கு 58ஆம் தெருவில் ஜோசப்சன் இரண்டாவது அரங்கைத் திறந்தபோது அதன் நாயகியாக விளங்கியவர் இவரே. கறுப்பினத்தவரைப் பிரித்து அமர்த்தும் எந்த மண்டபத்திலும் வாசிப்பதில்லை என்று பின்னாளில் தம் ஒப்பந்தங்களிலேயே எழுதிவைத்தார். நிலவறையிற் கண்ட சம ஆசனத்தைத் தாம் சென்ற ஊர்தோறும் கேட்டுப் பெற்றார் என்க.

லீனா ஹோர்ண் 1917இற் பிறந்தவர். பதினாறாம் வயதில் கொட்டன் கிளப்பின் நடனக் குழுவில் ஒருத்தியாக நின்றவர். 1941இல் கபே சொசைற்றிக்கு வந்து தனித்துப் பாடினார். அடுத்த ஆண்டே ஹொலிவுட் அவரை அழைத்தது. கூட்டத்தில் ஒருத்தியாக இருந்தவர் தம் பெயரால் அறியப்பட்ட பாடகியாக எழுந்தமைக்கு இச்சிற்றரங்கு படியாயிருந்தது. மேரி லூ வில்லியம்ஸ் என்னும் பியானோ மேதை 1940களில் இங்கு வாசித்த காலத்திலேயே பன்னிரு இராசிகளையும் பொருளாகக் கொண்ட தம் பெரிய இசைத்தொகுதியை ஆக்கி முடித்தார். 1945இன் இறுதிநாள் அது நியூயோர்க்கின் ரவுண் மண்டபத்தில் அரங்கேறியது. சேரா வோன் 1946இல் இங்கே பாடியபோது அவருக்கு வயது இருபத்திரண்டு. ஓவியராயிருந்த சீரோ மொஸ்ரெல் 1942இல் நகைச்சுவைக் கலைஞராக முதலில் மேடையேறியதும் இவ்விடத்திலேயே.

இத்துணைச் சிறப்புடன் நடந்த அரங்கு ஏன் பத்தாண்டுக்குள் மூடப்பட்டது? போர்க்காலத்தில், 1944இல், பாட்டும் ஆட்டமும் நிகழும் விடுதிகள்மீது அமெரிக்க அரசு 30 வீத வரி விதித்தது. சில மாதங்களில் அது 20 வீதமாகக் குறைந்தது. அச்சுமையைக் கபே சொசைற்றி தாங்கியிருந்திருக்கும். தாங்கமுடியாத சுமை வேறொன்று. போர் முடிந்ததும் பொதுவுடைமை அச்சம் அமெரிக்காவைப் பற்றியது. ஜோசப்சனின் தமையன் லியோன் பொதுவுடைமைக் கட்சியைச் சேர்ந்தவர். 1947இல் காங்கிரஸ் விசாரணைக்குழுவின் முன் சாட்சியமளிக்க மறுத்துச் சிறை சென்றார். உடனே பத்திரிகைப் பத்தியாளர் சிலர் தம்பியின் அரங்கையும் சாடினர். குற்றம் எதுவும் நிறுவப்படவில்லை, நிறுவ வேண்டியிருக்கவுமில்லை. அங்கே சென்றால் தம் பெயரும் பட்டியலில் ஏறுமோ என்ற அச்சமே விருந்தினரை விலக்கியது. 1947இன் முடிவில் மேலரங்கு மூடப்பட்டது. நிலவறையும் ஓரிரு ஆண்டுக்குள் கைமாறியது.

கலைஞரும் இதற்குத் தப்பவில்லை. ஹேஸல் ஸ்கொட் 1950 ஜூலையில் தம் பெயரால் தொலைக்காட்சி நிகழ்ச்சி நடத்தினார்.  அவ்வாண்டு செப்டெம்பரில் அவ்விசாரணைக் குழுவின் முன் தாமே சென்று துணிவுடன் பேசினார். ஒரு வாரத்துள் நிகழ்ச்சி நிறுத்தப்பட்டது. பில்லி ஹொலிடேக்கு வந்த துன்பம் வேறுவிதமானது. நியூயோர்க்கில் மது பரிமாறும் இடத்திற் பாடுவோர் பொலிசாரிடம் விரலடையாளம் பதித்து 'கபரே அட்டை' பெறுதல் வேண்டும். போதைப்பொருள் வழக்கில் 1947இல் தண்டனை பெற்றதன் பயனாக அவர் அவ்வட்டையை இழந்தார். பெருமண்டபங்களிற் பாடலாம், தம் குரலுக்கு உற்ற இடமாகிய சிற்றரங்கிற் பாடலாகாது. 1959 ஜூலையில், நாற்பத்துநான்கு வயதில், அவர் மறைந்தார். அந்த அட்டை முறை 1967இலேதான் ஒழிந்தது.

ஜோசப்சன் மனமுடைந்துவிடவில்லை. கிறினிச் வில்லேஜ் பகுதியிலேயே 'குக்கறி' என்ற உணவுச்சாலையை நடத்தி வந்தார். 1970இல் மேரி லூ வில்லியம்ஸ் அங்கு வந்து பியானோ வாசிக்க, மீண்டும் இசை தொடங்கிற்று. 1977இல் அல்பேட்டா ஹன்ரர் என்ற மூதாட்டி அம்மேடையேறினார். இளமையிலே புகழ்பெற்ற பாடகியாயிருந்து, பின்னர் இருபதாண்டு தாதியாகப் பணியாற்றி ஓய்வு பெற்றவர். வயது எண்பத்திரண்டு. வளரும் கலைஞர் என்ற சொல்லுக்கு வயதெல்லை இல்லை என்பதை அவரைக் கேட்கத் திரண்ட கூட்டம் காட்டியது. 1984இல் மறையும்வரை அவர் பாட்டை விடவில்லை. ஜோசப்சன் 1988இற் காலமானார். ஷெரிடன் சதுக்கத்து நிலவறை பின்னாளிற் சிறு நாடகக் குழுக்களின் அரங்கமாயிற்று.

ஓர் உணவுச்சாலையின் கதைக்கு இத்துணை நேரம் செலவிடலாமோ என்று நேயர்கள் எண்ணக்கூடும். வானொலியிற் பாட்டுக் கேட்பவருக்குப் பக்கத்து ஆசனத்தில் இருப்பவர் யார் என்ற கேள்வி எழுவதில்லை. ஒலி சுவரையும் தெருவையும் கடந்து எல்லோர் வீட்டிலும் ஒருங்கே புகும். ஆனால் மனிதர் ஒரே கூரையின்கீழ் ஒன்றுகூடும்போதுதான் அவர்தம் கொள்கை சோதனைக்குள்ளாகிறது. கலைக்குச் சாதியில்லை, நிறமில்லை என்று மேடையிலிருந்து முழங்குதல் எளிது. பாடியவரின் சுற்றத்தாருக்கு முன்வரிசையில் ஆசனம் இடுதல் அரிது. சப்பாத்து வியாபாரி ஒருவர் கடன்பட்ட பணத்தில் அந்த அரிய செயலைச் செய்தார். ஆசனம் சமமாயிருந்த அவ்விடத்திலேதான், பிற மேடைகள் ஏற்க அஞ்சிய பாட்டு ஒலிப்பதற்கும், அதைக் கேட்டவர் வாயடைத்து இருப்பதற்கும் இயன்றது.